மருந்தோ, மனத்திண்மையோ?

குடியை விடமாட்டாத ஒருவனைக் குறித்து நாம் தமிழில் 'குடிக்கு அடிமையானான்' என்கின்றோம். ஆங்கிலத்தில் இப்பொருட்கு வழங்கும் 'அடிக்ட்' என்னும் சொல்லோ உரோமர்தம் நீதிமன்றத்திற் பிறந்தது. கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தமாட்டாதவனைக் கடன் கொடுத்தவன் கையில் நடுவர் ஒப்புவித்துவிடுவர். அங்ஙனம் ஒப்புவிக்கப்பட்டவனை இலத்தீன் மொழியில் 'அடிக்டஸ்' என்றனர். இரு மொழியினரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே உவமையைக் கண்டது வியப்பிற்குரியது. ஆயினும் அவ்வுவமையினுள் ஒரு வினா ஒளிந்து கிடக்கின்றது. அடிமையாயினான் தன் முயற்சியாலே தளையை முறித்தெழ வல்லனோ, அன்றிப் புறத்தேயிருந்து ஒருவர் வந்து அவனை மீட்டல் வேண்டுமோ? மனத்திண்மையே போதும் என்பர் ஒரு சாரார். மருந்தின்றி ஆகாது என்பர் மற்றொரு சாரார். கல்லூரிச் சொற்போர் மன்றங்களில் இவ்விரு கட்சிக்கும் ஆள் கிடைத்தல் அரிதன்று. எந்தப் பழக்கம், எந்த நிலை என்று கேளாமலே இரு திறத்தாரும் வழக்காடுதலே குறை. யாம் ஈண்டுப் பெரும்பாலும் குடியையும், இடையே அபினியையும் எடுத்துக்கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

மனத்திண்மையின் கட்சி எளிதில் இகழ்தற்குரியதன்று. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை அணிவோருள், ஆண்டு முழுதும் மதுக்கடையை விட்டு அகலாதார் பலர் உளர். மாலை கழுத்தில் ஏறிய அன்றே அவர் குடியை நிறுத்துகின்றனர். ஒரு மண்டலம் ஒரு துளியும் தீண்டுகின்றிலர். எம் திருச்சபையாருள்ளும் லெந்து நாட்கள் நாற்பதும் இங்ஙனமே ஒழுகுவார் உளர். இவர்கட்கு எந்த மருத்துவரும் மாத்திரை கொடுத்ததில்லை. ஆகலின், குடிப்பவனிடம் மனவலி என்பதே இல்லை என்பார் கூற்றுப் பொருந்தாது. ஆயின், மாலை கழன்ற அன்று மாலையே அவருட் சிலரை மீண்டும் கடைவாயிலிற் காண்கின்றோம். ஒரு மண்டலம் காத்த உறுதி ஒரு பகலில் எங்கே போயிற்று? உறுதி போகவில்லை, அதனைச் சூழ்ந்து நின்ற வேலியே போயிற்று என்பது எம் கருத்து. கறுப்பு உடை, உடன் நோன்பு நோற்கும் தோழர், விடியற்கால நீராட்டு, 'சாமி' என்றழைத்து ஒதுங்கி நிற்கும் அயலார் ஆகிய இவையெல்லாம் அவன் நெஞ்சிற்குப் புறத்தே நின்று அவன் நெஞ்சைத் தாங்கின. நோன்பிற்கு ஒரு முடிவு நாள் உண்டு என்பதும் ஒரு தாங்கலே. வாழ்நாள் முழுதும் என்றவழி அது இல்லை.

இதனை ஒரு தேச அளவிற் காணவேண்டின் அயர்லாந்தை நோக்கல் வேண்டும். 1838-ம் ஆண்டில் கார்க் நகரத்தில் தியோபால்டு மாத்தியூ என்னும் கப்புச்சின் சபைத் துறவியார், மதுவைத் தீண்டேன் என்னும் உறுதிமொழி இயக்கமொன்றைத் தலைமை ஏற்று நடத்தத் தொடங்கினார். இலக்கக்கணக்கான மக்கள் அவர் முன் முழங்காலிட்டு உறுதி கூறினர். சில ஆண்டுகளில் அந்நாட்டில் வரி செலுத்தி விற்ற சாராயத்தின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மருந்து ஒன்றுமில்லை, சட்டம் ஒன்றுமில்லை, சொல் ஒன்றே. இத்தகைய வெற்றியை வேறெங்கும் காண்டல் அரிது. பின்னர் 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் வந்தது, 1849-ல் துறவியார் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், இயக்கம் தேய்ந்தது. அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்த சொல் அவர் முகம் மறைந்தபின் பலர்பால் நில்லாதொழிந்தது.

இனி உடலின் செய்தியைக் கூறுவோம். இதனையே மனத்திண்மைக் கட்சியார் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். மது மூளையின் எழுச்சியை அமுக்கும் இயல்பினது. நாள்தோறும் பல ஆண்டு அமுக்கப்பட்ட மூளை, அவ்வமுக்கத்திற்கு ஈடாகத் தன் எழுச்சியைக் கூட்டிக்கொள்கின்றது. கிணற்றில் ஏற்றம் இறைப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு முனையில் நீர்ச்சால். மறுமுனையில் அதற்கு ஈடான பாரம். சால் திடீரென அறுந்து வீழ்ந்தால் ஏற்றமரம் எங்ஙனம் துள்ளி எழுமோ, அங்ஙனமே மது திடீரென நின்றவழி நரம்பு மண்டலம் துள்ளுகின்றது. சில மணி நேரத்தில் கைந்நடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டு நாட்களுக்குள் சிலர்க்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளினின்று நான்காம் நாளளவில் சிலர்க்குச் சித்தம் கலங்கி, இல்லாதன கண்ணுக்குத் தோன்றும். இதனை மருத்துவர் 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்பர். மருத்துவமின்றி விடின் இஃது உயிரையும் கொள்ளும். எல்லாக் குடியர்க்கும் இங்ஙனம் நேர்வதில்லை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தார்க்கும், முன்னே ஒருமுறை இவ்வாறு நேர்ந்தார்க்குமே அச்சம் மிகுதி.

எம் பெரிய தந்தையார் ஒருவர் தச்சர். இருபது ஆண்டு குடித்தவர். ஊர்க் கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு சனிக்கிழமை இரவு முழங்காலிட்டு, இனித் தொடுவதில்லை என்று பொருத்தனை பண்ணினார். வீட்டார் களிப்புக்கு அளவில்லை. திங்கட்கிழமை இரவு, சுவரெங்கும் எறும்பு ஊர்வதாகக் கூவி இரு கையாலும் அவற்றைத் தட்டலானார். உடம்பு நடுங்கிப் பாய் முழுதும் வியர்வையால் நனைந்தது. தம் தம்பியாரையே இன்னார் என்று அறிந்திலர். பேயின் சேட்டை என்றார் ஒருவர். சாத்தான் சோதிக்கிறான், கதவைச் சாத்திவிட்டு ஜெபியுங்கள் என்றார் மற்றொருவர். எம் சபை உபதேசியார் மட்டும், "ஜெபத்தை வண்டியிலே போகும்போதும் பண்ணலாம், முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள்" என்று கடிந்து கூறினார். ஆஸ்பத்திரியில் ஐந்து நாளில் தெளிந்து எழுந்தார். அவர் பண்ணிய பொருத்தனை பொய்யன்று. உள்ளம் செய்த பொருத்தனையை அவர் நரம்புகள் அறிந்தில, அவ்வளவே.

ஆஸ்பத்திரியில் இந்நிலைக்குச் செய்யும் மருத்துவம் அரியதன்று. டயஸிபாம், குளோர்டயஸிபாக்ஸைடு முதலிய அமைதி மருந்துகளைத் தக்க அளவிற் கொடுத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்துச் சில நாட்களில் நிறுத்துகின்றனர்; ஏற்றத்தின் பாரத்தை மெல்ல மெல்ல இறக்குவது போல்வது அது. உடன் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை ஏற்றுகின்றனர். நெடுநாட் குடியால் இச்சத்துக் குன்றினவர்க்குக் கண் பிறழ்ந்து நடை தள்ளாடும் மூளைநோய் வரும். கவனியாது விட்டால் நினைவாற்றல் நிலையாகக் கெடும். இந்த நிலையில் மருந்தா மனமா என்று வழக்காடுதல், பாம்பு கடித்தவன் அருகே நின்று வழக்காடுவதை ஒக்கும். இம்முதற் சில நாட்களில் மருந்தே தலைமையுடையது.

ஆயின் உடல் தெளிந்தபின் வேட்கை தெளிந்ததோ எனின், இல்லை. பதினைந்து நாள் சென்றபின், நடுக்கம் ஒன்றும் இன்றி நலமே உள்ளவன், பழைய கடைத்தெரு வழியே செல்லும்போது கால் தானே திரும்புகின்றது. வேட்கையின் உறைவிடம் புட்டி அன்று, மூளை என்பதற்குச் சூதாட்டமே சான்று. சூதாடுபவன் வாயால் உட்கொள்வது ஒன்றுமில்லை. ஆயினும் குடியன் படும் பாடெல்லாம் படுகின்றான். 2013-ல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தார் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில் சூதாட்டத்தை மதுவோடு ஓரியலில் வைத்தனர். வள்ளுவனார் பொருட்பாலில் 93-ம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையையும், 94-ம் அதிகாரமாகச் சூதினையும், 95-ம் அதிகாரமாக மருந்தினையும் வைத்தமை தமிழ் கற்பார் அறிந்ததே. இவ்வைப்பு முறையினின்று யாம் பெருங்கருத்தொன்றைப் பிழிந்தெடுக்க முயலவில்லை. அவர் மருந்து என்றது பெரிதும் அளவறிந்து உண்ணும் நெறியையே. கள்ளையும் சூதையும் அயலயல் வைத்ததை மட்டும் சுட்டிச் செல்கின்றோம்.

வேட்கைக்கு மருந்து உண்டு என்று கூறி வணிகம் செய்தார் முற்காலத்திலும் இருந்தனர். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து டுவைட் என்னும் சிற்றூரில் லெஸ்லி கீலி என்னும் மருத்துவர், 1880-ம் ஆண்டளவில், தங்கம் கலந்த மருந்து என்று கூறி நாள் ஒன்றுக்கு நான்கு முறை ஊசி போட்டார். அவர் நிலையங்கள் பல நகரங்களிற் கிளைத்தன. மருந்தின் செய்முறையை அவர் வெளியிடவேயில்லை. ஆயினும் அங்குச் சென்று திருந்தினார் சிலர் உண்டு. ஒத்த நோயினர் பலர் ஒருங்கு தங்கி, ஒருவர்க்கொருவர் துணை நின்றதே அதற்குக் காரணம் என்று இக்காலத்தார் கருதுவர்.

உண்மை மருந்து ஒன்று 1948-ம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டினின்று வந்தது. கோபனேகன் நகரில் யென்ஸ் ஹால்டு, எரிக் யாக்கப்சன் என்னும் இருவர் வயிற்றுப் புழுக்களைக் கொல்ல ஒரு மருந்து தேடுங்கால், டைசல்பிரம் என்னும் பொருளைத் தாமே உண்டு பார்த்தனர். பின்னர் மது அருந்தியபோது முகம் சிவந்து நெஞ்சு படபடத்துப் பெரிதும் வருந்தினர். அஃது எதனால் என்று ஆராய்ந்தனர். மது ஈரலிற் சென்று முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாகவும், பின்னர் தீங்கற்ற அசிட்டேட்டாகவும் மாறுகின்றது. டைசல்பிரம் இவ்விரண்டாம் படியை அடைத்துவிடுகின்றது. ஆகலின் நச்சுப்பொருள் குருதியிற் பெருகித் தலைவலி, வாந்தி, படபடப்பு முதலியவற்றை விளைக்கின்றது. மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை இவ்வாற்றல் நிற்றல் கூடும்.

இம்மருந்தை யாம் விரித்துக் கூறுதற்குக் காரணம் உண்டு. இது வேட்கையைச் சிறிதும் தணிப்பதில்லை. இதன் வேலையெல்லாம் அச்சத்தின் வேலையே. அமெரிக்காவில் 605 ஆடவரை வைத்துச் செய்து 1986-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முழு அளவு மருந்து உண்டார்க்கும், பயனற்ற சிற்றளவு உண்டார்க்கும், உண்ணாதார்க்கும் முற்றும் குடியொழிந்து நிற்பதில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. ஆயின் எக்கூட்டத்திலும், கொடுத்ததைத் தவறாது உண்டவரே மிகுதியாகத் திருந்தி நின்றனர். எனவே காலையில் மாத்திரையை விழுங்குதல் என்னும் அச்சிறு செயலிலேயே மனம் இருக்கின்றது. இருபத்துநான்கு மணி நேரம் போராடவேண்டிய உறுதியை ஒரு நொடிக்குள் அடக்கிக் கொடுப்பதே இம்மருந்தின் உதவி. எம் பெரிய தந்தையார் இன்றும் காலை ஜெபம் முடிந்ததும் பெரியம்மா கையால் மாத்திரையை வாங்கி, அவர் காணவே விழுங்குகின்றார். ஒருவர் முன்னிலையில் உண்ணும்போது இம்மருந்து நன்கு பயன்படுகின்றது என்று மருத்துவரும் கூறுவர்.

இதனைக் குழம்பிலும் காப்பியிலும் ஒருவன் அறியாமற் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் ஆங்காங்கு உளது. குடியன் அறியாமலே குடியை மறக்கடிக்கும் பொடி என்று விளம்பரமும் செய்கின்றனர். இல்லத்தரசியர் படும் துயரை எண்ணினால் அவர்மேற் சினம் எழுவதில்லை. எனினும் இது பெருந்தீங்கு. தான் மருந்துண்டதை அறியாதவன் வழக்கம்போற் குடித்து, குருதியழுத்தம் வீழ்ந்து உயிரிழத்தலும் கூடும். அச்சமே மருந்தாகவிருக்க, அவன் அறியாதவழி அச்சம் எங்கிருந்து வரும்?

வேட்கையையே தொடும் மருந்துகள் பின்னர் வந்தன. நால்ட்ரெக்சோன் என்பது குடியால் வரும் இன்பத்தை மங்கச் செய்வது. அமெரிக்க அரசினர் இதனைக் குடிநோய்க்கு 1994-ல் ஒப்புக்கொண்டனர். அகாம்பிரோசேட் என்பது பிரான்சில் 1989-ம் ஆண்டு முதல் வழங்கியது. இவற்றின் பயன் எத்துணைத்து? 2014-ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியோர் கணக்கின்படி, பன்னிருவர் அகாம்பிரோசேட் உண்டால், மருந்தின்றேல் மீண்டும் குடித்திருக்கக்கூடிய ஒருவர் தப்புவார். பன்னிருவர் நால்ட்ரெக்சோன் உண்டால் மிகுகுடிக்கு மீளாமல் ஒருவர் தப்புவார். இது சிறிதென்று நகுவார் நகுக. அந்த ஒருவர் தம் தந்தையாயிருப்பின் நகார்.

அபினியின் இனத்தில் வழக்கு வேறுபடுகின்றது. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் அபினி கலந்த லாடனத்திற்கு அடிமைப்பட்டு வருந்தியதை யாவரும் அறிவர். பிரிஸ்டல் நகரில் அவர் தம்மை மருந்துக் கடைக்குள் நுழையவொட்டாது தடுக்குமாறு கூலியாட்களை அமர்த்தினார் என்றும், பின்னர் அவ்வாட்களோடு தாமே வாதிட்டார் என்றும் டி குவின்சி எழுதியுள்ளார். கட்டளையிட்டவனே கட்டளையை நீக்கவும் வல்லனாதலின் அத்தடை நிற்கவில்லை. 1816-ல் இலண்டனை அடுத்த ஹைகேட்டில் ஜேம்ஸ் கில்மன் என்னும் மருத்துவர் இல்லத்திற்குச் சில வாரம் தங்க வந்தவர், 1834-ல் இறக்கும் வரை, பதினெட்டு ஆண்டு அங்கேயே தங்கினார். கில்மன் அளவைக் குறைத்தார், ஒழிக்க இயலவில்லை, கவிஞர் மறைவாகக் கடையில் வாங்கியதும் உண்டு. ஆயினும் அவ்வில்லத்திருந்தே அவர் நூல்கள் பல வெளிவந்தன. மனத்திண்மை இல்லாத மூடர் என்று கோல்ரிட்ஜை எவர் கூறுவர்?

1898-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியார் ஹெராயினை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கினர். அது மார்பின்போல் அடிமைப்படுத்தாது என்று நம்பினாரும் அக்காலத்து இருந்தனர். அந்நம்பிக்கை விளைத்த கேட்டினால், மருந்தைக் கொண்டு மருந்தை விலக்குதல் என்ற பேச்சையே பலர் ஐயுறுகின்றனர், ஐயுறுதல் இயல்பே. ஆயினும் 1964-ல் நியூயார்க் நகரில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர், மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் ஒருமுறை வாய்வழிக் கொடுத்துப் பார்த்தனர். ஏறி இறங்கும் வெறியின்றி அது நாள் முழுதும் ஒரு சீராக நின்றது. உண்டவர் வேலைக்கும் பள்ளிக்கும் மீண்டனர். பின்னர் பியூப்ரினார்பின் வந்தது. பிரான்சில் 1995-ம் ஆண்டு முதல் பொது மருத்துவர் யாவரும் இதனை எழுதித்தரலாம் என்றாக்கினர். அளவுமீறி உட்கொண்டு இறந்தோர் தொகை 1999-க்குள் ஏறத்தாழ 79 விழுக்காடு குறைந்தது. 2005-ல் உலக சுகாதார நிறுவனத்தார் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தனர்.

ஓர் அடிமைத்தனத்திற்கு மற்றோர் அடிமைத்தனத்தை மாற்றிக்கொண்டதாகாதோ என்று வினவுவார்க்கு எம் விடை இது. சர்க்கரை நோயாளி இன்சுலினுக்கு அடிமை என்று எவரும் கூறுவதில்லை. அன்றியும், ஹெராயினை மனவுறுதி ஒன்றாலே நிறுத்திச் சில மாதம் நின்றவன் உடல் பழைய தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. ஒருநாள் தவறிப் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். சிறையினின்று வெளிவந்த முதற் சில வாரங்களில் இத்தகைய இறப்பு மிகுதி. தவறுதல் ஒருமுறைதான், திருந்த மறுமுறை இல்லை. குடியில் தவறினவனுக்கு மறுநாள் உண்டு. ஆகலின் அபினியினத்தில் யாம் தயங்காமல் மருந்தின் பக்கம் நிற்கின்றோம்.

இத்துணையும் கூறியபின் இரு கட்சிக்கும் அடங்காத செய்தி ஒன்றுண்டு. வியட்நாம் போரிற் பொருத அமெரிக்க வீரர் பலர் அங்கே ஹெராயினுக்கு அடிமைப்பட்டனர். 1971-ல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அங்கே அடிமைப்பட்டிருந்தவருள், திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டார் நூற்றுக்கு ஐவரளவே. பெரும்பாலார் மருத்துவமனை வாயிலையே மிதித்திலர். திடீரென அனைவர்க்கும் வீரவுறுதி பிறந்துவிட்டதோ? இல்லை, போர்க்களமும், மலிந்த சரக்கும், உடன் உண்ட தோழரும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டனர். நம் ஊர்க் குடியனுக்கோ கடலில்லை. கடை அதே தெருவில், தோழர் அதே திண்ணையில்.

1935-ல் ஆகுரன் நகரில் பில் வில்சன் என்னும் வணிகரும், பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் தொடங்கிய பெயர் கூறாக் குடிநோயாளர் சங்கம் இத்தோழமையையே மாற்றியமைக்கின்றது. அதன் பன்னிரு படிகளுள் முதற்படி, குடியின் முன் தமக்கு ஆற்றலில்லை என்று ஒப்புக்கொள்ளுதல். மனத்திண்மையைப் போற்றுவார் இதனைக் கண்டு திகைப்பர். ஆற்றலில்லை என்று ஒப்புக்கொண்டவன் அன்று மாலையே கூட்டத்திற்கு வருகின்றான். ஆற்றல் உண்டு என்று தருக்கியவன் கடைத்தெருவில் தன் ஆற்றலைச் சோதிக்கச் செல்கின்றான். 2020-ல் 27 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியோர், குடியை முற்றும் ஒழித்து நிற்பதில் இச்சங்க வழி ஏனை உளமருத்துவ முறைகளுக்குக் குறைந்ததன்று, சிலவற்றின் மேம்பட்டது என்று கண்டனர்.

மதம்பிடித்த யானையை அங்குசம் ஒன்றால் எந்தப் பாகனும் அடக்கப் புகுவதில்லை. சங்கிலியிட்டு, உணவைக் குறைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நிறுத்தி, மதநீர் வற்றும் வரை காத்திருக்கின்றான். வற்றியபின் அதே அங்குசத்திற்கு அதே யானை பணிகின்றது. குடியனை நோக்கி 'மனம் வைத்தால் விடமாட்டாயா?' என்பார், மதநாளில் அங்குசத்தை நீட்டுகின்றனர். மாத்திரையைக் கொடுத்துவிட்டு இனி எல்லாம் மருத்துவர் பொறுப்பு என்பார், சங்கிலியை மாட்டிவிட்டு அங்குசத்தைக் கிணற்றில் எறிகின்றனர்.

நம் நாட்டில் 2019-ல் வெளியான அரசினர் கணக்கெடுப்பின்படி, மதுவினால் உதவி வேண்டும் நிலையில் உள்ளார் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர். குடிக்கு அடிமைப்பட்டவருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு மருத்துவமோ உதவியோ பெற்றதாகக் கூறினார். மருத்துவமனையில் தங்கிப் பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம், குடிப்பவரோடு அவர்தம் குடும்பத்தாரையும் அமர்த்திப் பயிற்றும் முறையைக் கைக்கொண்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உளமருத்துவப் பிரிவிலும் இம்மருத்துவம் கிடைக்கும். ஆங்கு மருத்துவர் முதற்கண் வினவுவன மூன்று: நாள்தோறும் எவ்வளவு குடித்தார், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்னே நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டா. அழைத்துச் செல்வோர் இம்மூன்றற்கும் விடையறிந்து செல்லின் நோயாளிக்கு நலம்.